ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் ஊசி இல்லை

2021 மே மாதக் கடைசியில் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு முதல் தொகுதியாக 50,000 சினோபார்ம் கொரோனாத் தடுப்பூசிகள் வந்தன. மாவட்டத்தில் ஏறக்குறைய 6 லட்சம் சனம். தொற்று கூடின கிராம சேவகர் பிரிவுகளைத் தெரிந்து, அங்கே 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முதலில் போடுவது என்று தீர்மானித்தார்கள். எங்கள் பிரிவு பட்டியலில் இருந்தது. ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் வேறு பிரிவு, அதற்கு இல்லை. எண்பது கடந்த என் அம்மம்மாவுக்குக் கிடைக்கும். அதே வயதில், அதே சீனி வருத்தத்தோடு எதிர்வீட்டில் இருக்கும் ஆச்சிக்குக் கிடைக்காது.

நாடு முழுக்கப் பயணத்தடை இருந்த நேரம். விதானையார், அதாவது எங்கள் பிரிவின் கிராம சேவகர், பெயரைப் பதிந்து துண்டு தந்தார். அந்தத் துண்டும் அடையாள அட்டையும் இருந்தால் வழியில் மறிக்கமாட்டார்கள். ஓட்டோ பிடித்து அம்மம்மாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன்.

வரிசை வாசலைத் தாண்டி வீதிக்கு வந்திருந்தது. விடியவே வந்த இளம் ஆட்கள் முன்னுக்கு, பொல்லோடு வந்த கிழவிகள் வெயிலில் பின்னுக்கு. குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் வரிசை நெடுகிலும் நடந்து வந்தார். "பிள்ளையள், வயசு போனவைய முதல்ல விடுங்கோ" என்று சொல்லி, முதியவர்கள் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவர் செய்ததை முதல் நாளே விதியாக எழுதி வாசலில் ஒட்டியிருக்க வேண்டும்.

உள்ளே வேலை கெதியாக நடந்தது. பிரஷர் பார்த்தார்கள், ஒவ்வாமை இருக்கிறதா என்று வைத்தியர் கேட்டார், ஊசி போட்டதும் கொஞ்ச நேரம் இருத்தி வைத்தார்கள். நாலு கிழமையில் இரண்டாவது ஊசி என்று அட்டையில் திகதி எழுதித் தந்தார்கள். அந்தத் திகதி எவ்வளவு பெரிய விஷயம் என்பது கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் பெரியப்பாவைக் கேட்டால் தெரியும். அவருக்கு முதலில் போட்டது கோவிஷீல்ட், அதாவது இந்தியாவில் செய்த அஸ்ட்ராசெனகா ஊசி. இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதால், யூலை கடைசியில் ஜப்பான் அனுப்பிய அஸ்ட்ராசெனகா வரும்வரை இரண்டாவது ஊசிக்குக் காத்திருந்தார்.

என்னால் பொறுக்க முடியாதது ஒன்றுதான். பட்டியலில் இல்லாத சிலர் வாகனத்தில் வந்து பக்கக் கதவால் உள்ளே போனார்கள். கேட்டேன். "மேல சொல்லி வந்தவை தம்பி" என்றார்கள். தொற்றைப் பார்த்துப் பிரிவுகளைத் தெரிந்ததை நான் ஏற்கிறேன். ஊசி குறைவாக இருக்கும்போது எங்காவது கோடு போடத்தான் வேண்டும். ஆனால் ஆச்சியை மறித்த கோடு அவர்களையும் மறித்திருக்க வேண்டும்.

எழும்பி நடக்கமுடியாதவர்கள் வீட்டில் இருந்தால், வரிசையை நம்பியிருக்காமல் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பெயரைக் கொடுத்து வைப்பதுதான் அப்போது வழி. எங்கள் ஒழுங்கையில் படுக்கையில் கிடந்த ஒருவருக்கு அப்படித்தான் பிறகு வீட்டுக்கே வந்து போட்டார்கள். ஆச்சிக்கு அடுத்தடுத்த தொகுதிகள் வந்த பிறகு கிடைத்தது. அன்றன்று எத்தனை ஊசி வந்தது, எந்தப் பிரிவில் எத்தனை பேருக்குப் போட்டது என்று பின்னேரம் வாசலில் எழுதி ஒட்டும்படி அப்போது கடிதம் கொடுத்தேன். பதில் வரவில்லை.