கண் ஸ்கேனுக்கு இன்னும் 11 நாள்

நேற்றுக் கடையில் ஒரு பெரியவர் ஆதார் கார்டை நீட்டி ரெண்டு ஜெராக்ஸ் கேட்டார். நான் கார்டை வாங்கி, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அந்த 12 நம்பரையும் வலது கண்ணால் மட்டும் படித்துப் பார்த்தேன், அப்புறம் வலதைப் பொத்திக்கொண்டு இடதால். "என்னாப்பா, கார்டு செல்லாதா?" என்று பெரியவர் பயந்தே போய்விட்டார். அவருக்கு என்ன தெரியும், எனக்கு 18ஆம் தேதி கண் ஸ்கேன் என்று.

காவேரிப்பட்டணத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சுகர் வந்து 13 வருஷம் ஆகிறது, விழித்திரையில் கோளாறு ஆரம்பித்திருக்கிறது என்று சொல்லி நாலு வருஷம். ஸ்கேன் தேதி நெருங்கினால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், ஏனென்றால் நான் டியூப்லைட்டையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், காலண்டரில் இருக்கும் ராகுகாலப் பொடி எழுத்தைத் தூரத்தில் நின்று படிப்பேன். "ஏங்க, அந்தக் காலண்டர் என்ன பாவம் பண்ணுச்சு?" என்பாள் மனைவி.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பயத்தால் நான் ஒரு தடவை ஒன்றரை வருஷம் செக்கப்புக்கே போகாமல் இருந்தேன். முதலில் பார்த்த இடத்தில், பேர் வேண்டாம், ஃபைலைக் கொடுத்த பெண் தலையைக்கூட நிமிர்த்தாமல் "இப்படியே விட்டா கண்ணு போயிடும் சார், அடுத்தவங்க வாங்க" என்று சொன்னார். நியாயமாகப் பார்த்தால் அதைக் கேட்டு ஓடி ஓடிப் போயிருக்க வேண்டும், நான் ஃபைலை அரிசி டிரம்முக்குப் பின்னால் சொருகினேன். என்னைத் திரும்ப இழுத்துப் போனது மாத்திரை கொண்டுவரும் தங்கச்சிதான். 2021ல் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கும் ஆள் வந்து சுகர் மாத்திரை தருகிறார்கள். அவர் ஒவ்வொரு முறையும் "கண்ணு பாத்தீங்களாண்ணா?" என்று கேட்பார், நானும் பார்த்தாச்சு பார்த்தாச்சு என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் "அப்ப ரிப்போர்ட்டக் காட்டுங்க" என்றார். மாட்டிக்கொண்டேன்.

கிருஷ்ணகிரியில் இப்போது பார்க்கும் டாக்டர் உட்காரவைத்து விளக்கினார். சுகர் அதிகமாகவே இருந்தால் விழித்திரையில் இருக்கும் முடி மாதிரியான ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து சின்னச் சின்னதாகப் புடைக்கும், சிலது கசியும். கசிந்த நீர் நடுப்பகுதியில், அதாவது மாக்குலாவில் தேங்கினால் படிப்பது, முகம் பார்ப்பதெல்லாம் மங்கும். எனக்கு எடுக்கும் ஓசிடி என்கிற கண் ஸ்கேன் அந்த இடம் தடித்திருக்கிறதா என்று பார்க்கிறது. அது வெறும் வெளிச்சம்தான், எக்ஸ்ரே கதிரெல்லாம் இல்லை, தாடையை வைத்து உள்ளே தெரியும் புள்ளியைப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும்.

தடிமனை மைக்ரானில் போடுவார்கள். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். போன தடவை வலது கண்ணுக்கு 6 மைக்ரான் ஏறியிருந்ததைப் பார்த்துவிட்டு நான் பஸ்ஸில் வரும்போதே மகளுக்கு எப்படிக் கல்யாணம் பண்ணுவது என்கிற வரைக்கும் போய்விட்டேன். அடுத்த நாள் போன் பண்ணிக் கேட்டால், அந்த அளவு வித்தியாசம் ஸ்கேனுக்கு ஸ்கேன் வரும், மெஷின் மாறினால் நம்பரே வேற மாதிரி வரும், அதனால ஒரே இடத்துல எடுங்க என்றார் டாக்டர். அப்புறம் கேட்டார், "வீக்கம் இருந்தா உங்கள ஆறு மாசம் கழிச்சா வரச் சொல்லுவேன்?" இந்த ஒரு கேள்வி எனக்கு மாத்திரையை விட அதிகமாக வேலை செய்தது.

ஆதார் கார்டு பரீட்சையையும் சொல்லித் திட்டு வாங்கினேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை பார்த்தால் நாற்பது தடவையும் ஏதோ குறை தெரியத்தான் செய்யும். அதுவும் சுகர் ஏறி இறங்கினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நீர் கோத்துச் சில நாள் மங்கலாகத் தெரியுமாம், அது விழித்திரைக் கோளாறே இல்லை. அதற்குப் பதில் கட்டம் போட்ட தாள் ஒன்று கொடுத்தார். காலையில் ஒரே தடவை, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கண்ணாக. கோடு வளைந்து தெரிந்தாலோ, திடீரென்று கரும்புள்ளிகள் நிறைய மிதந்தாலோ, மின்னல் அடித்தாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும். கடைக்காரன் இல்லையா, உடனே நாலு காப்பி போட்டு வைத்துக்கொண்டேன். நேற்று ஆதாரைப் பார்த்தது பழைய புத்தி.

இதில் மாம்பழ சீசன் வேறு. கடைக்கு முன்னாலேயே கிளிமூக்கு மாங்காய் ஏற்றிக்கொண்டு கூழ் ஃபேக்டரிக்கு வண்டி போகிறது, வீட்டில் செந்தூரா வாசனை தூக்குகிறது. முன்பெல்லாம் ஸ்கேனுக்கு ஒரு வாரம் பட்டினி கிடப்பேன், பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிக்கிற கணக்காக. ஸ்கேனில் தெரிவது ஒரு வாரத்துக் கதை இல்லை, வருஷக்கணக்கான கதை. இப்போது களி உருண்டையைச் சின்னதாக்கிவிட்டேன், சாப்பாட்டோடு ஒரு துண்டு பழம், அவ்வளவுதான். சில நாள் ரெண்டு துண்டு.

18ஆம் தேதி வண்டி எடுக்கப் போவதில்லை. கண்ணில் மருந்து ஊற்றினால் நாலைந்து மணி நேரத்துக்கு எல்லாம் பஞ்சு மாதிரிதான் தெரியும், வெயில் பட்டால் கூசும். தம்பி பையன் கூட வருகிறேன் என்றான், கறுப்புக் கண்ணாடிக்கு அவன்தான் பொறுப்பு. டாக்டரிடம் கேட்க வேண்டிய மூணு கேள்வியை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், கொஞ்சம் பெரிய எழுத்தாகவே.