செவுளில் இறுகிய நரம்பு

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் இன்று காலை ஒரு மீனவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

உள்ளங்கை நீள ரோகு. நைலான் நரம்பு செவுள் மூடிக்குள் புகுந்து, சிவந்த கோடாகப் பதிந்திருந்தது.

"வளரட்டும்" என்று தண்ணீரில் விட்டார். அது பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது.

"பிழைக்குமா அண்ணா?"

"இரவெல்லாம் மாட்டியிருந்தது தம்பி. கஷ்டம்தான்."

வாயால் நீரை இழுத்துச் செவுள் வழியே வெளியேற்றித்தான் மீன் மூச்சு விடுகிறது. மீனைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் 'செவுள் வலை' நெரிப்பது அந்த வழியைத்தான். செதிலும் மேல் வழவழப்பும் உரிந்துபோனால், தப்பிய மீனையும் பூஞ்சை பிடித்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் விடுவதற்காகப் பொரிப்பகத்தில் வளர்க்கும் சால்மனில் பெரும்பாலானவற்றின் முதுகுக் கொழுப்புத் துடுப்பைக் குஞ்சிலேயே வெட்டி அடையாளமிடுகிறார்கள். அந்தத் துடுப்புள்ள இயற்கை சால்மன் சிக்கினால், பல பருவங்களில் உயிரோடு விட வேண்டும். அதற்கென்றே சிறு கண்ணி (துளை) வலை உண்டு. பெரிய மீனின் மூக்கும் பல்லும் மட்டும் சிக்கும், செவுள் அசையும். வலையைச் சற்று நேரத்திலேயே இழுத்துவிடுவார்கள். சோர்ந்த மீனைப் படகில் நீர் ஓடும் பெட்டியில் வைத்து, தெளிந்த பிறகு விடுவார்கள். எவ்வளவு பொறுமை!

இங்கே குஞ்சு நழுவிப் போகப் பெரிய கண்ணி வேண்டும், நள்ளிரவில் ஒருமுறை வலையைப் பார்க்கவும் வேண்டும். அந்த அண்ணன்மீது எனக்குக் கோபமில்லை. புது வலைக்குக் காசு வேண்டுமே. ஏரிக் குத்தகை நிபந்தனையிலேயே கண்ணி அளவைக் கண்டிப்பாக்கி, வலைக்கு மானியமும் கொடுக்கட்டும். இதை ஊர்க் கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.