பழைய கர்னலுக்கு ஒரு திருத்தத்தைக் கொண்டுபோன அனுபவம்

எங்கள் அலுவலகத்தில் உணரிகளின் அளவுகளைப் படிக்கும் சிறு பெட்டிகள் லினக்ஸ் கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதியின்) 6.1 பதிப்பில் ஓடுகின்றன. யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கும்போது எப்போதாவது ஒரு பெட்டி அப்படியே நின்றுவிடும். காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. அந்த யூஎஸ்பி சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரில் ஒரு டைமர். அது அடித்ததும் ஒரு வேலையை வரிசையில் போடும். அந்த வேலை முடியும்போது டைமரைத் திரும்ப முடுக்கிவிடும். கேபிளைப் பிடுங்கினால் டிரைவர் முதலில் டைமரை நிறுத்துகிறது, பிறகு வேலையை ரத்து செய்கிறது, கடைசியில் நினைவகத்தை விடுவிக்கிறது. அந்த முதல் இரண்டுக்கும் நடுவில் வேலை ஓடி டைமரை முடுக்கிவிட்டால், விடுவித்த நினைவகத்தில் போய் டைமர் அடிக்கும்.

கர்னலின் முதன்மை வளர்ச்சிக் கிளையான மெயின்லைனில் இதற்குத் தீர்வு ஒரே வரிதான். பழைய செயற்கூறான டெல்_டைமர்_சிங்க் டைமரை நிறுத்தும், ஆனால் மறுபடி முடுக்குவதைத் தடுக்காது. 6.2-இல் வந்த டைமர்_ஷட்டவுன்_சிங்க் அதையும் தடுத்துவிடும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டேன், டிரைவரின் பராமரிப்பாளர் ஏற்றுக்கொண்டார். சரி, 6.1-க்கு இதை எப்படிக் கொண்டுபோவது?

6.1 போன்ற, வெளியான பதிப்புகளுக்குத் திருத்தங்கள் மட்டும் சேரும் ஸ்டேபிள் கிளைகளுக்கு என்ன போகலாம் என்ற விதிகள் கர்னலின் ஆவணங்களிலேயே இருக்கின்றன. திருத்தமோ அதற்கு இணையானதோ முதலில் மெயின்லைனில் இருக்க வேண்டும். சூழல் வரிகளோடு சேர்த்து 100 வரிக்கு மேல் போகக்கூடாது. மனிதர்களை உண்மையில் தொந்தரவு செய்கிற வழுவாக இருக்க வேண்டும். எழுத்துப்பிழைத் திருத்தம் கூடாது. 'இப்படி நடக்கலாம்' என்ற ஊகம் மட்டும் போதாது. என் கையில் மூன்று கமிட்டுகள் (பதிவான மாற்றங்கள்) இருந்தன. ஒன்று பிழைச்செய்தியின் வாசகத்தைச் சீராக்குவது, அதை உடனே ஒதுக்கினேன். இன்னொன்று குறிமுறையைப் படிக்கும்போது கண்ணில் பட்ட ஒரு பூட்டுக் குறைபாடு. அதை விட மனம் வரவில்லை. நான்கு நாள் முயன்றும் அந்தக் குறைபாட்டால் ஒரு கோளாறைக்கூட வரவழைக்க முடியவில்லை. அதையும் விட்டுவிட்டேன். ஸ்டேபிளை நம்பி இருப்பவர்கள் எந்த மாற்றமும் வேண்டாம் என்றுதான் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வரியைக் கொடுக்கிறோம் என்றால் அதற்கு நம்மிடம் காரணம் இருக்க வேண்டும்.

மீதி இருந்த டைமர் திருத்தத்தில் ஸ்டேபிள் குறிச்சொல்லும், வழுவைக் கொண்டுவந்த கமிட்டைச் சுட்டும் 'ஃபிக்ஸஸ்' வரியும் இருந்தன. அந்தக் கமிட் முதலில் எந்த வெளியீட்டில் வந்தது என்று மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட் கருவியிடம் கேட்டேன். 5.12 என்றது. ஆக 5.10-க்குத் தேவையில்லை, 6.6, 6.1, 5.15 மூன்றுக்கும் தேவை. பழைய கிளைக்குப் போகிற திருத்தம் அதைவிடப் புதிய கிளைகளில் இல்லாமல் போகக்கூடாது. இல்லையென்றால் கர்னலை மேம்படுத்துகிறவருக்குப் போன வழு திரும்பி வரும்.

6.6-இல் சிக்கலில்லை. 6.1-இல் பேட்ச் (திருத்தக் கோப்பு) முரண்பாடே இல்லாமல் பொருந்தியது, ஆனால் கம்பைல் ஆகவில்லை. அந்தச் செயற்கூறே அப்போது அங்கே கிடையாதே! இங்கேதான் தவறு செய்தேன். புதிய பெயரை எடுத்துவிட்டுப் பழையதையே போட்டு, அதை வேலையை ரத்து செய்யும் வரிக்குப் பின்னால் நகர்த்தினேன். கம்பைல் ஆனது. நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசானை இயக்கி, கர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் யூஎஸ்பி சாதனத்தின் 'ஆதரைஸ்டு' கோப்பில் 0, 1 என்று மாற்றி மாற்றி எழுதி, கேபிளைப் பிடுங்கிச் செருகுவதுபோல் செய்யும் ஒரு ஸ்கிரிப்டை இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் ஒரே ஓர் எச்சரிக்கை. முன்பு நாற்பது ஐம்பது தடவைக்குள் விழுந்தது, இப்போது பல ஆயிரத்தில் ஒன்று. வேலையை ரத்து செய்த பிறகு டைமர் அடித்து, அதை மறுபடி வரிசையில் போட்டிருந்தது. அனுப்பியிருந்தால், வழு தீர்ந்தது என்று மாற்றப் பட்டியல் சொல்லியிருக்கும். அது இன்னும் உள்ளேயே இருந்திருக்கும்.

இரண்டு வழிகள் மிஞ்சின. புதிய செயற்கூற்றை அதன் சார்புகளோடு 6.1-க்குக் கொண்டுவருவது ஒன்று. பராமரிப்பாளர்கள் பொதுவாக விரும்புவதும் மூலக் கமிட்டை மாற்றாமல் எடுப்பதைத்தான், பின்னால் வரும் திருத்தங்களும் அப்படியே பொருந்தும் என்பதால். ஆனால் ஒரு டிரைவருக்காக எல்லோரும் பயன்படுத்தும் டைமர் மையத்தைத் தொட எனக்குத் துணிவில்லை. டிரைவருக்குள்ளேயே 'துண்டிக்கப்பட்டது' என்று ஒரு கொடி வைத்தேன். டைமரும் வேலையும் அடுத்ததை முடுக்கும் முன் அதைப் பார்க்கும். ஆனால் வேலை கொடியைப் பார்த்த மறுகணமே கொடி ஏறினால்? அதற்காக வேலையை ரத்து செய்த பிறகு டைமரை இன்னொரு முறையும், அதன்பின் வேலையை இன்னொரு முறையும் நிறுத்தினேன். மூன்று இரவுகள் எச்சரிக்கை எதுவும் இல்லை.

மேலே மூலக் கமிட்டின் அடையாளத்தை எழுதி, எதை ஏன் மாற்றினேன் என்பதை அடைப்புக்குறிக்குள் விளக்கி, என் கையொப்ப வரியோடு 6.1-க்கும் 5.15-க்கும் தனித்தனியாக அனுப்பினேன். டிரைவரின் பராமரிப்பாளர் ஒரே கேள்வி கேட்டார்: இரண்டாவது முறை நிறுத்துவது எதற்கு? பதிலை எழுதும்போதுதான் அந்த விளக்கம் குறிமுறையிலேயே இருக்க வேண்டும் என்று தோன்றியது. இரண்டு வரிக் குறிப்புரையோடு மறுபடி அனுப்பினேன், ஏற்கப்பட்டது.

அப்புறம் வெளியீட்டுக்கு முந்தைய மறுஆய்வு வந்தது. யாராவது மறுப்பதற்குச் சுமார் 48 மணி நேரம். அந்த ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனை) பதிப்பை எங்கள் பெட்டி ஒன்றில் ஏற்றி, கேபிளைக் கையாலேயே பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தேன்.