செனியா படர்ந்த தொட்டி

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு முன்னறையில் நான்கடி நீளமான கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 240 லீற்றர் நீர் கொள்ளும் அத்தொட்டியில் ஒரு சோடி கோமாளி மீன்களும், ஒரு தோல் முருகையும், சில காளான் முருகைகளும் வாழ்கின்றன. கல் முருகைகள் இலங்கையில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை என்பதால் அவற்றை நான் வளர்ப்பதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பில் வாங்கி வந்த, செனியா என்ற மென்முருகையின் பெருவிரல் அளவேயான ஒரு துண்டு, பத்து மாதங்களுக்குள் பாறையின் முன்பக்கம் முழுவதையும் மூடி, தோல் முருகையை நிழலுக்குள் தள்ளிவிட்டது. அதை அடக்க நான் செய்தவற்றுள் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை இங்கு எழுதுகிறேன்.

செனியா அழகான உயிர் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை. முருகையின் சிறு உயிரலகான ஒவ்வொரு பொலிப்பும் தன் எட்டு இறகுக் கைகளையும் விரித்து மூடிக்கொண்டே இருக்கும். செங்கடலின் ஏலாத் கரையில் இதன் நெருங்கிய உறவான ஓர் இனத்தை ஆராய்ந்து 2013 இல் வெளியிட்டவர்கள், அந்தத் துடிப்பு சுற்றியுள்ள நீரைக் கலக்கி, ஒளித்தொகுப்பால் சேரும் மிகை ஒட்சிசனை அகற்றுகிறது என்று காட்டினார்கள். உடலுக்குள் வாழும் நுண்பாசிகளே அதற்கு உணவு தருகின்றன. ஆகவே வெளிச்சமும் நீரில் கரைந்த சத்தும் இருக்கும் வரை, நாம் எதுவும் ஊட்டாமலே அது பெருகும்.

என் முதற் பிழை கத்தரிக்கோல். வாரம் ஒருமுறை தலைகளை நறுக்கினேன். அடுத்த மாதம் முன்பு இல்லாத ஐந்தாறு இடங்களில் புதிய முளைகள் தெரிந்தன, ஏனென்றால் நீரோட்டம் கொண்டுசென்ற ஒவ்வொரு துணுக்கும் பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தனிக் கொடியாகிவிட்டது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, இரணைமடுத் தண்ணீரில் நெல் விதைத்துப் பழகியவர், "தம்பி, கோரையின்ர இலையை வெட்டி என்ன பிரயோசனம்? கிழங்கோட கிளப்பு" என்றார். பாறையின் மேல் தோல்போல் ஒட்டியிருக்கும் அடித்தளத்தில் ஒரு மெல்லிய படலம் எஞ்சினாலும் செனியா அதிலிருந்து மீண்டும் எழும். பச்சை நட்சத்திர பொலிப்பு என்று விற்கப்படும் முருகையின் ஊதாப் படலமும் அப்படித்தான்.

அதன் பிறகு கைக்கொண்ட முறையே பலித்தது. நீரோட்ட மோட்டர்களை நிறுத்தி, பாறையைத் தொட்டிநீர் நிரம்பிய தனி வாளிக்குள் மாற்றி, உளியால் செனியாவின் அடியை அது பற்றியிருக்கும் கல்லின் மேற்படையோடு சேர்த்தே செதுக்கி எடுக்கிறேன். பிறகு கடல்நீரால் அலசித் துணுக்குகளை நீக்கிய பின்னரே பாறை தொட்டிக்குத் திரும்பும். வாளியில் எஞ்சிய நீர் தொட்டிக்குள் போகாது. நகர்த்த முடியாத அடிப்பாறையில் வேலை செய்யும்போது, ஒரு கையில் மெல்லிய குழாயைப் பிடித்து வெட்டும் இடத்திலேயே நீரை உறிஞ்ச வேண்டும். வெட்டுப்பட்ட மென்முருகைகள் சளியையும் அயலிலுள்ள முருகைகளை வருத்தும் இரசாயனங்களையும் வெளிவிடுவதால், அன்றே சிரட்டையிலிருந்து செய்த செயற்படுத்திய கரியை வடிகட்டியில் இடுகிறேன். முழுத் தொட்டியையும் ஒரே நாளில் துப்புரவாக்க முயல வேண்டாம்; கிழிந்த சதை அதிகமானால் அழுகி நீரைக் கெடுத்து மீன்களைக் கொல்லும்.

உளி நுழையாத பொந்துகளில் சுண்ணாம்புக் கூழ் உதவியது. வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பும் அடிப்படையில் கல்சியம் ஐதரொட்சைட்டுத்தான் என்றாலும், அதில் வேறு கலப்புகள் இருக்கக்கூடும் என்பதால் கலப்பற்ற தூளையே வாங்கினேன். சிறிது நீரில் தடிப்பாகக் குழைத்து, ஊசியில்லாத சிறிஞ்சால் முளையின் மேல் மூடி, கால் மணித்தியாலம் நீரோட்டத்தை நிறுத்திவைப்பேன். இக்கூழ் நீரின் காரத்தன்மையைச் சட்டென்று உயர்த்தும். என் தொட்டி அளவுக்கு ஒரு நாளைக்கு அரைத் தேக்கரண்டித் தூளுக்கு மேல் நான் போவதில்லை; பீ.எச். 8.5 ஐத் தாண்டினால் அன்றைய வேலை முடிந்தது.

நீரின் சத்தைக் குறைப்பதும் வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. மீன் உணவைப் பாதியாக்கினேன். பரந்தனிலிருந்து ஏ35 வீதியால் முல்லைத்தீவுக்குச் சென்று கான்களில் கடல்நீர் கொண்டுவந்து இரு வாரங்களுக்கு ஒருமுறை மாற்றினேன். மாரியில் வட்டுவாகல் பக்கம் நந்திக்கடலின் நன்னீர் கலப்பதால், அக்காலத்தில் முகத்துவாரத்திலிருந்து விலகியே அள்ள வேண்டும். வளர்ச்சி தணிந்தது, நிற்கவில்லை. நீரின் சத்துகளுள் ஒன்றான நைத்திரேற்றைப் பூச்சியமாக்கினால் செனியாவுக்கு முன்னர் மற்ற முருகைகளே வாடும்.

ஓர் எச்சரிக்கை. செனியாவோடு சேர்த்து விற்கப்படும் பட்டன் பொலிப்புகளை இதே முறையில் சுரண்டவோ, அவை ஒட்டிய பாறையைக் கொதிநீரில் அவிக்கவோ கூடாது. அவற்றுட் சிலவற்றில் பாலிதொக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. அவித்த ஆவியைச் சுவாசித்து வீட்டார் எல்லோருமே நோயுற்ற நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. எந்த முருகையைத் தொட்டாலும் கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள்.

செதுக்கியதை எங்கே போடுவது என்பதில்தான் எனக்கு மிகுந்த கவலை. கடலில் இருந்து வந்ததைக் கடலில் விடுவது புண்ணியம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். ஆனால் வெனிசுவேலாவின் மொச்சிமா தேசியப் பூங்காவில், செனியாவின் குடும்பத்தைச் சேர்ந்த, இந்தோ-பசிபிக் கடலுக்குரிய ஒரு மென்முருகை, வளர்ப்பு வணிகத்தின் வழியாகக் கடலுக்குள் நுழைந்து, அங்கிருந்த முருகைப் பாறைகளையும் கடற்புல் தரைகளையும் மூடிவிட்டது. என் தொட்டியில் இருப்பது எந்தக் கடலில் பிறந்தது என்பதற்கு எவரிடமும் சான்று இல்லை. அதை முல்லைத்தீவுக் கரையில் விட எனக்கு உரிமை இல்லை. ஆகவே கிணற்று நீரில் ஓர் இரவு ஊறவிட்டு, தகரத்தின் மேல் மூன்று நாள் வெயிலில் காயவைத்து, கிணற்றுக்கு எட்டத்தில் புதைக்கிறேன். வாளி நீரும் வாய்க்காலுக்குப் போவதில்லை.

இப்போது செனியா தொட்டியின் வலது மூலையில் தனிப் பாறை ஒன்றில் மட்டும் இருக்கிறது. அதைச் சுற்றி நான்கு அங்குல அகலத்துக்கு வெறும் மணல். தோல் முருகை மூன்று மாதங்களுக்குப் பிறகு தன் தலையை முழுதாக விரித்திருக்கிறது. ஞாயிறுதோறும் கைவிளக்கோடு பின்கண்ணாடி வரை தேடுகிறேன். சென்ற வாரம் வடிகட்டிக் குழாயின் அடியில் பயறளவு முளை ஒன்று அகப்பட்டது, அன்றே பிளேட்டால் அடியோடு எடுத்தேன்.