தண்டுவடக் காயம்பட்டவரின் திடீர்த் தலைவலியை அலட்சியம் செய்யாதீர்கள்

தண்டுவடக் காயம் என்றாலே "இனி அசைவே இல்லை" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. காயத்துக்குக் கீழே உணர்வோ அசைவோ சிறிதாவது மிஞ்சியிருந்தால் அது முழுமையற்ற காயம். மீட்சிக்கு வாய்ப்பு அதிகம்.

படுக்கைப்புண் வராமல் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது வீட்டில் பராமரிக்கும் பலருக்கும் தெரியும். தெரியாதது இதுதான்: மார்புப் பகுதியின் 6-ஆவது தண்டுவட மட்டத்திலோ (ஏறத்தாழ தோள்பட்டை எலும்புகளுக்கு இடைப்பட்ட உயரம்) அதற்கு மேலோ காயம்பட்டவருக்குத் திடீரெனக் கடுமையாகத் தலை வலித்து, முகம் சிவந்து வியர்த்தால், இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கலாம். படுக்கவைக்காதீர்கள்! நிமிர்த்தி உட்காரவையுங்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்; பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பைதான் காரணம், அடுத்தது மலச்சிக்கல். அப்படியும் அடங்கவில்லை என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.