குலுங்காத சைக்கிளில் உபின் தீவு

12 பேர் சேர்ந்தால்தான் சிங்கப்பூரின் சாங்கி பாயிண்ட்டிலிருந்து உபின் தீவுக்குப் படகு கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி, சைக்கிளுக்குத் தனிக் காசு. அவசரமென்றால் காலி இடங்களுக்கும் நாமே கொடுத்துவிட்டுப் போகலாம். அவ்வளவு அவசரம் எங்களுக்கு இல்லை. நானும் என்னுடன் வேலை பார்க்கும் தம்பியும் படகுத்துறையில் உட்கார்ந்து, கொண்டுவந்த இட்லியை முடித்தோம். அவன் பக்கத்தில் முன்னும் பின்னும் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் புது ஃபுல் சஸ்பென்ஷன் பைக், என் பக்கத்தில் என் பழைய இரும்பு சைக்கிள். இன்றைக்கு மாற்றி ஓட்டுவதாகப் பேச்சு.

எனக்கு சைக்கிள் என்றாலே இரும்புதான். ஊரில் அப்பா வைத்திருந்த அட்லஸில் இருந்த ஒரே சஸ்பென்ஷன், சீட்டுக்கடியில் இருந்த இரண்டு சுருள் ஸ்பிரிங். கேரியரில் உட்காருபவனுக்கு அதுவும் கிடையாது. நான் பெரும்பாலும் கேரியர். சிங்கப்பூர் வந்த பிறகு வாங்கியதும் 26 அங்குலச் சக்கரத்தோடு ஒரு ஸ்டீல் மவுண்டன் பைக், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் வெறும் ஸ்டீல். 11 வருடமாக அதுதான். யாராவது சஸ்பென்ஷன் பற்றி ஆரம்பித்தால், "முழங்கையும் முழங்காலும் எதுக்கு இருக்கு?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். கொஞ்சம் பெருமையாகவே கேட்பேன்.

தீவில் இறங்கியதும் தம்பி பையிலிருந்து ஒரு குட்டி பம்பை எடுத்தான். டயருக்கு அடிப்பதில்லை, குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஷாக்குக்குள் காற்று அடிப்பது.

"வெயிட்டு எவ்ளோண்ணே?"

"78."

"இட்லிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பின் ஷாக்கின் பளபளத் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருந்தது. அதைத் தண்டு உள்ளே நுழையும் இடம் வரைக்கும் தள்ளிவிட்டு, என்னை ஏறி உட்காரச் சொன்னான்; குதிக்காமல் மெதுவாக இறங்கச் சொன்னான். வளையம் 18 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. அந்த ஷாக் மொத்தமே 50 மில்லிமீட்டர்தான் அமுங்கும். உட்கார்ந்த எடைக்கே அதில் 25 முதல் 30 சதவீதம் உள்ளே போய்விட வேண்டுமாம், அதற்குமேல் கூடாதாம். இன்னும் கொஞ்சம் காற்று ஏற்றி 15-க்குக் கொண்டுவந்தான். உட்காரும்போதே இவ்வளவு அமுங்கினால் மிச்சம் என்ன இருக்கும் என்று கேட்டேன். மேடு வந்தால் சக்கரம் மேலே போக இடம் வேண்டும், சரி; பள்ளம் வந்தால் கீழே இறங்கவும் இடம் வேண்டாமா என்றான். மேட்டை விழுங்குவது மட்டும்தான் ஷாக்கின் வேலை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கேத்தம் மவுண்டன் பைக் பூங்கா, பழைய கருங்கல் குவாரி ஒன்றைச் சுற்றி இருக்கிறது. குவாரியில் இப்போது தண்ணீர். கருங்கல் தோண்டித்தான் இந்தத் தீவுக்குப் பெயரே வந்தது. 1851-இல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் கல் இங்கிருந்துதான் போனது. பாதைகள் எவ்வளவு கடினம் என்று காட்ட நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று பலகை நட்டு வைத்திருக்கிறார்கள். இரட்டை வைரத்தை நான் பார்த்ததோடு சரி.

பூங்கா வரைக்குமான தார் ரோட்டில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நின்று மிதித்தால் சைக்கிள் தவளை மாதிரி எம்பி எம்பிப் போனது. என் மிதியில் பாதியை ஷாக் தின்கிறது. முன்னால் தம்பி என் இரும்பில் அம்பாகப் போய்க்கொண்டிருந்தான். பிறகு, ஷாக்கில் இருந்த சின்ன நீல லீவரைத் திருப்பி இறுக்கலாம் என்று திரும்பிப் பார்த்துக் கத்தினான். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

எல்லோரும் ஃபுல் சஸ்பென்ஷனின் இறக்கத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னை ஆச்சரியப்படுத்தியது ஏற்றம். காட்டுக்குள் ஓர் இடத்தில் வேர்கள் படிக்கட்டு போல் குறுக்கே கிடக்கும், எப்போதும் ஈரம். என் சைக்கிளில் ஒவ்வொரு வேருக்கும் பின்பாரத்தை லேசாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் பின்சக்கரம் வேரில் மோதித் துள்ளும், காற்றில் ஒரு சுற்றுச் சுற்றும், கால் தரையில். இன்றும் பழக்கதோஷத்தில் தூக்கினேன், வழுக்கியது. இறங்கித் திரும்ப வந்தேன். இரண்டாவது தடவை மூச்சு வாங்கியதால் எழ முடியவில்லை, அப்படியே உட்கார்ந்து மிதித்தேன். குனிந்து பார்த்தால் பின்சக்கரம் வேர்மேல் ஏறுகிறது, இறங்குகிறது, தரையை விடவே இல்லை. கம்பளிப்பூச்சி மாதிரி ஊர்ந்து மேலே வந்துவிட்டேன். ஷாக் மெத்தை இல்லை, சக்கரத்தை மண்ணோடு பிடித்து வைக்கிற கை.

1990-இல் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த மவுண்டன் பைக்கின் முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டியில், டவுன்ஹில் என்கிற இறக்கப் பந்தயத்தை கிரெக் ஹெர்போல்ட் வென்றது ராக்ஷாக்ஸ் கம்பெனியின் சஸ்பென்ஷன் ஃபோர்க்கோடு. அது அமுங்கியது 5 சென்டிமீட்டர் அளவுக்குத்தான், அதுவும் முன்னால் மட்டும். என் பிடிவாதத்துக்கு என்ன வயது என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் இறக்கம். இரும்பில் இறங்கும்போது ஒவ்வொரு கல்லையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பார்த்துக்கொண்டே வருவேன்: இதுக்கு இடது, அதுக்கு வலது. இதில் பார்க்கத் தேவையே இல்லை, நேராகக் கல்மேலேயே விட்டேன். ஆனால் வேகமும் தெரியவில்லை. குலுக்கல்தான் இத்தனை வருடமாக எனக்கு ஸ்பீடாமீட்டராக இருந்திருக்கிறது. பல் கிட்டித்தால் பிரேக் என்பது என் கணக்கு. பல் கிட்டிக்கவே இல்லை, அதற்குள் எனக்கு நன்றாகத் தெரிந்த வளைவு வந்துவிட்டது. இரண்டு விரலால் பிரேக்கைப் பிடித்தேன், பழைய கணக்கில் அழுத்தமாக. லேசாகத் தொட்டாலே பிடிக்கிற ஹைட்ராலிக் பிரேக்குக்கு அந்தக் கணக்கு தெரியாது. லாலாங் புல்லில் போய் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, புது பைக்கில் ஒன்றுமில்லை. முதலில் பார்த்தது பைக்கைத்தான்.

தம்பியைக் காணோம். படகுத்துறைக்கு வந்து இளநீர் சொல்லிக் காத்திருந்தேன். இருபது நிமிடம் கழித்து என் இரும்பைத் தள்ளிக்கொண்டு வந்தான், சட்டையெல்லாம் சேறு. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினான். விரல் பிடிமானம் இல்லாமல் வழுக்கியது. சட்டை நுனியால் பிடித்துத் திருகினான். அதுவும் நடக்கவில்லை. பாட்டிலை என்னிடம் நீட்டினான்.

"தொறந்து குடுங்கண்ணே."