பில்பாவ் போனோம், கோப்பையோட வந்தோம்

இன்னும் குரல் சரியாகல, ஆனா எழுதாம இருக்க முடியல. எங்க லண்டன் ஃபுட்பால் கிளப் டாட்டன்ஹாம், ஐரோப்பிய கிளப்புங்க ஆடற யூரோப்பா லீக் கோப்பைய ஜெயிச்சிருச்சு! 2025 மே 21 ராத்திரி, ஸ்பெயின்ல பில்பாவ் ஊர் சான் மாமேஸ் ஸ்டேடியத்துல நடந்த ஃபைனல்ல, மேன்செஸ்டர் யுனைடெட்ட 1-0ன்னு அடிச்சாச்சு, நான் உள்ள உக்காந்து பாத்தேன், இல்ல, நின்னு பாத்தேன், எங்க பக்கம் யாருமே உக்காரல. எப்படி போனீங்க, எங்க தங்கினீங்க, எவ்வளவு ஆச்சுன்னு நிறைய பேர் கேக்கறாங்க, அதனால மொதல்ல காசு விஷயத்துக்கு வரேன்.

ரெண்டுமே இங்கிலாந்து டீம். லண்டன்லேர்ந்து மேன்செஸ்டருக்கு ரயில்ல ரெண்டு மணி நேரம் சொச்சம். ஆனா ஃபைனல் எந்த ஊர்ல நடக்கும்னு எப்பவோ முடிவு பண்ணிருவாங்க, அதனால ரெண்டு ஊர்க்காரங்களும் மூட்டை கட்டிகிட்டு ஸ்பெயினுக்கு கிளம்பணும். பில்பாவ் மூணரை லட்சம் பேர் இருக்கற ஊர், ஒரு கிளப்புக்கு 15,000 டிக்கெட், டிக்கெட் இல்லாம சும்மா ஊர்ல நின்னு பாட்டு பாட வந்தவங்க வேற. மே 8ஆம் தேதி செமி ஃபைனல் முடிஞ்ச ராத்திரியே ரூம் தேட ஆரம்பிச்சேன், சாதாரண லாட்ஜ் மாதிரி ஒரு இடத்துல ஒரு ராத்திரிக்கு எழுநூறு யூரோ போட்டிருந்தான். பாத்ரூம் பொது! இது வியாபாரம் இல்ல, பகல் கொள்ளை. மேட்ச் டிக்கெட்டே நாப்பது யூரோதான், ஒரு கட்டிலுக்கு எழுநூறா?

அதனால சான்டான்டர். நூறு கிலோமீட்டர் மேற்க, கடலோர ஊர், லண்டன் ஸ்டான்ஸ்டெட்லேர்ந்து நேரடி ஃப்ளைட் இருந்துச்சு. ஆளுக்கு 95 யூரோவுல சுத்தமான ரூம் கிடைச்சுது. கூட வந்தது என் மச்சான், வீட்டுக்காரியோட அண்ணன், சென்னைல ஸ்கூல் படிக்கும்போதே யுனைடெட் வெறியர். ஃப்ளைட் ஏறினதுலேர்ந்து "மாப்ள, இன்னிக்கு உங்களுக்கு கஷ்டம்தான்"னு சொல்லிகிட்டே வந்தாரு.

சாப்பாடு பத்தி சொல்லியே ஆகணும். ஸ்டேடியத்துக்கு நேரா போற லிசென்சியாடோ போசான்னு ஒரு தெரு, ரெண்டு பக்கமும் பார், ஒவ்வொரு கவுன்டர்லயும் பின்ச்சோஸ்னு சின்னச் சின்ன தீனி அடுக்கி வச்சிருக்காங்க. கில்டான்னு ஒண்ணு, குச்சில பச்சை ஆலிவ், உப்புல பதப்படுத்தின நெத்திலி, புளிப்பா ஊறவச்ச பச்ச மிளகா, மூணையும் சேத்து ஒரே வாய்ல போடணும். ஆகா! லண்டன்ல சப்புன்னு சாண்ட்விச் தின்ன நாக்குக்கு மாவடு கடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் பக்கலாவ் பில் பில், உப்புக்கண்டம் போட்ட காட் மீன ஊறவச்சு உப்பெடுத்து, பூண்டு மிளகா போட்ட ஆலிவ் எண்ணெய்ல மெதுவா வேகவச்சு, சட்டிய ஆட்டி ஆட்டியே அந்த எண்ணெய கெட்டி குழம்பா ஆக்கிடறாங்க. மாவு கிடையாது, கிரீம் கிடையாது. ரெண்டு பேரும் வயிறு முட்ட தின்னு 38 யூரோ. மேட்ச் அன்னிக்கும் விலை ஏத்தல, அந்த கடைக்காரருக்கு கோயில் கட்டலாம்.

அவரு எனக்கு கை குடுத்தாரு, மச்சானுக்கு குடுக்கல. காரணம் இருக்கு. செமில இந்த ஊர் கிளப் அத்லெடிக் பில்பாவ இதே சான் மாமேஸ்ல 3-0, ஓல்ட் டிராஃபோர்டுல 4-1ன்னு யுனைடெட் நசுக்கிடுச்சு. சொந்த வீட்ல ஃபைனல் ஆட வேண்டிய டீம் அது. பில்பாவ் இருக்கற பாஸ்க் மண்ணுல பொறந்தவங்க, வளந்தவங்கள மட்டும் வச்சே காலங்காலமா ஆடற கிளப், அந்த வலி ஊர் பூரா இருந்துச்சு.

இப்ப மேட்ச். இங்கிலாந்து லீக்ல 16ஆவது டீமும் 17ஆவது டீமும் ஆடற ஃபைனலான்னு எல்லாரும் நக்கல் பண்ணாங்க. ஆமா, அதுவரைக்கும் அந்த லீக்ல 21 தோல்வி எங்களுக்கு. அதுக்காக? யூரோப்பா லீக்ல ஜெர்மனி டீம் ஃபிராங்க்ஃபர்ட்ட அவங்க ஊர்ல அடிச்சோம், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேல நார்வே ஊர் பூடோல செயற்கை புல்லுல ஆடி ஜெயிச்சோம், யாரும் பிச்ச போடல. 42ஆவது நிமிஷம் எங்க பாப்பே மட்டார் சார் இடது பக்கத்துலேர்ந்து கிராஸ் போட்டான், எங்க பிரென்னன் ஜான்சன் பாஞ்சான், பந்து யுனைடெட் ஆள் லூக் ஷா மேல பட்டு உருண்டு உள்ள போச்சு. அழகான கோலா? இல்ல. எனக்கு கவலையும் இல்ல. அதுக்கப்புறம் ஆட்டமே இல்ல, வெறும் தடுப்புதான், பந்து முக்கால்வாசி நேரம் அவங்ககிட்ட. 68ஆவது நிமிஷம் எங்க கோல்கீப்பர் விகாரியோ வெளிய வந்து பந்த விட்டுட்டாரு, யுனைடெட்டோட ஹோய்லுண்ட் தலையால முட்டிட்டான், காலி கோல், என் பக்கத்துல நின்ன பெரியவர் கண்ண மூடிகிட்டாரு, எங்க வான் டி வென் எங்கேர்ந்து வந்தானோ, பின்னாடி பாத்து எகிறி, அந்தரத்துல கால தூக்கி லைன்லேர்ந்து வெளிய எடுத்தான் பாருங்க! அந்த ஒரு ஷாட்டுக்கே மொத்த செலவும் தகும். கடைசி நிமிஷத்துல ஷா முட்டின பந்த விகாரியோ பிடிச்சாரு, விசில்.

1984க்கு அப்புறம் மொத ஐரோப்பிய கோப்பை, 2008க்கு அப்புறம் மொத கோப்பைன்னே சொல்லலாம். 1972ல இந்தப் போட்டியோட மொத ஃபைனலும் இங்கிலாந்து டீம் ரெண்டுக்கு நடுவுலதான், அதுலயும் நாமதான், வுல்வ்ஸ ஜெயிச்சோம். 2019 மாட்ரிட்ல சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல லிவர்பூல்கிட்ட தோத்த ராத்திரியும் மனசுல இருக்கு. அன்னிக்கு அழுத எங்க கேப்டன் சோன், அதுவரைக்கும் பத்து வருஷம் இந்த கிளப்ப விட்டு போகாத சோன், இடுப்புல கொரியா கொடிய கட்டிகிட்டு கோப்பைய தூக்கினப்ப எங்க பக்கம் ஆம்பளைங்க அத்தன பேரும் அழுதோம். ரெண்டாவது சீசன்ல எப்பவும் கோப்பை ஜெயிப்பேன்னு சொன்ன எங்க கோச் போஸ்டகோக்லு சொன்னத செஞ்சிட்டாரு. அப்படியும் 2025 ஜூன்ல அவர வேலைய விட்டு தூக்கிட்டாங்க. தூக்கினது பெரிய அநியாயம்.

வெளிய வந்தா மச்சான் ஒரு தூண் கிட்ட நின்னாரு. "வாங்க மச்சான், டீ குடிக்கலாம்"னேன். "அந்த கோல் எங்க ஆள் மேல பட்டுதான மாப்ள போச்சு"ன்னு மட்டும் சொன்னாரு, அப்புறம் சான்டான்டர் வரைக்கும் பேச்சே இல்ல.

ஆனா சான்டான்டர் போய் சேர்றதுக்குள்ள உயிர் போச்சு. ரசிகர்களுக்குன்னு ஸ்பெஷல் பஸ், ஆளுக்கு 60 யூரோ, முன்னாடியே கட்டியாச்சு. நிக்கற இடத்த ராத்திரி பதினொண்ணரைக்கு மாத்தி மெசேஜ் அனுப்பறான், ஸ்டேடியம் பக்கம் நெட்வொர்க் கிடைக்கல, ரெண்டு டீம் சட்டையும் கலந்து ஒரு கும்பலே ஆத்தங்கரைல பஸ்ஸ தேடி ஓடுச்சு. ஒண்ணே முக்காலுக்கு வந்தான். ஏசி இல்ல, ஜன்னல் திறக்காது, சீட் சாயாது. காச திருப்பிக் குடுன்னு மெயில் போட்டிருக்கேன், பாப்போம். அதுக்கு மேல சான்டான்டர்ல இறங்கினா டாக்ஸிக்காரர் ரெண்டு கிலோமீட்டருக்கு 40 யூரோ கேட்டாரு, மீட்டர் போடுங்கன்னா கதவ சாத்திட்டாரு. விடியக்காலைல பாட்டு பாடிகிட்டே நடந்தோம், பாடினது நான் மட்டும்தான்.

ஆளுக்கு மொத்தம் 520 பவுண்ட் கிட்ட ஆச்சு. பில்பாவ பாக்கணும்னா மேட்ச் இல்லாத வாரம் போங்க, குகன்ஹைம் மியூசியம், ஆத்தங்கரை எல்லாம் நிதானமா பாக்கலாம், எங்களுக்கு நேரமே இல்ல. யூரோப்பா லீக் ஜெயிச்சதால எங்களுக்கு 2025-26 சீசன் சாம்பியன்ஸ் லீக்ல இடம் கிடைச்சுது, குலுக்கல்ல எந்த ஊர் வரும்னு தெரியறதுக்கு முன்னாடியே நான் காசு எடுத்து வைக்க ஆரம்பிச்சாச்சு.